துடைக்காத இடம்

டக். அவ்வளவுதான் அந்தச் சத்தம். எங்கோ யாரோ ரிசீவரை வைத்துவிட்டார் என்றால் இங்கே ஒரு சின்ன ரிலே, காந்தத்தால் ஒட்டிப் பிடிக்கும் சுவிட்ச், தன் பிடியை விடும். இரும்பு இரும்பை விட்டு விலகும் சத்தம், நாக்கு அண்ணத்தை விட்டு விலகுவது போல. பெங்களூரில், மழைக்கு ஒழுகும் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கிராமத்துத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளுக்கு நாங்கள் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அது நாள் முழுக்க உதிர்ந்துகொண்டே இருக்கும். சவரிராஜ் தலை நிமிராமல் சொல்லுவான், "மேபல், இன்னொருத்தர் பேசி முடிச்சிட்டாரு. இடத்தைத் திருப்பி வாங்கு." ஒவ்வொரு பேச்சுக்கும் மெமரியில் ஒரு சிறிய இடம் கொடுப்போம். யார் கூப்பிட்டார், யாரைக் கூப்பிட்டார், எப்போது தொடங்கியது என்று அதில் எழுதியிருக்கும். பேச்சு முடிந்ததும் அந்த இடத்தைத் திருப்பி வாங்கி, காலி இடங்களின் அடுக்கில் வைத்துவிட வேண்டும். கொடுப்பதும் வாங்குவதும் அவன் எழுதிய பகுதி. அவன் செத்து வருஷங்களாகிவிட்டன. டக். இப்போது அந்தச் சத்தம் என் தங்கை எப்சியின் தலைமாட்டிலிருந்து வருகிறது. கம்பியில் மாட்டிய சிறிய பெட்டி, நீல விளிம்பு, நடுவில் படுக்க வைத்த சிரிஞ்ச். உள்ளே மோட்டாரின் பற்சக்கரம் ஒரு பல் நகரும்போதெல்லாம் டக். ஒரு பல்லுக்கு ஒரு துளிக்கும் குறைவான மருந்து. அந்த மருந்துதான் எப்சியின் ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சிறுநீரில் தொடங்கிய கிருமி ரத்தத்தில் ஏறி அழுத்தம் தரைக்கு வந்துவிட்டது. மருந்து கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஒவ்வொரு மூன்றாவது டக் மட்டும் கொஞ்சம் தாமதமாக விழுகிறது. பல்லில் தேய்மானம் இருக்கும். நேற்று வரை எனக்கு அது தாலாட்டு மாதிரி இருந்தது. நேற்று சாயங்காலம் அமலி போன் பண்ணினாள்.

அமலி சவரிராஜின் மகள். இந்தப் பெட்டியைச் செய்கிற கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள். எப்சியைப் பற்றி விசாரிக்கத்தான் கூப்பிட்டாள். நான் பேச்சுவாக்கில் நீல விளிம்பு பம்ப் ஒன்று ஓடுகிறது என்றேன். அவள் பெட்டியின் மாடல் நம்பரைப் படிக்கச் சொன்னாள். பிறகு, "ஆன்ட்டி, அதுக்குள்ள அப்பா எழுதின புரோகிராம்தான் இருக்கு" என்றாள். எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது, அதை நினைத்தால் இப்போது கூசுகிறது. நன்றாக ஓடிய புரோகிராமை யார் தூக்கிப்போடுவார்கள், ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு ஆட்களோடு ஆட்களாக அதுவும் போகும். தலைப்பில் அவன் பெயர் அப்படியே இருக்கிறதாம், யாரும் தொட பயந்து விட்டுவைத்தார்களாம். "போன வாரம்தான் கண்டுபிடிச்சேன் ஆன்ட்டி. சிரிஞ்ச் முடியப்போகுதுன்னு அலாரம் அடிக்கும்ல, அப்ப புது சிரிஞ்ச் போட்டு ஸ்டார்ட் கொடுத்த அப்புறம்தான் அலாரத்தை நிறுத்தணும். முதல்லயே நிறுத்திட்டா, அலாரம் பகுதி வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சு, மோட்டார் வேகம் எழுதியிருக்கிற இடத்தைத் திருப்பிக் கொடுத்திருது. மோட்டார் கையில பழைய பாயிண்டர் இருக்கும்." மேற்கொண்டு அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "எங்க மேனேஜர் டெஸ்ட் முடியட்டும், அடுத்த வாரம் எல்லா ஆஸ்பத்திரிக்கும் தகவல் சொல்லுவோம்கிறாரு. நான் சொன்னேன்னு மட்டும் வெளிய விட்டுராதீங்க ஆன்ட்டி. வேலையே போயிரும்." மாட்டேன் கண்ணு என்றேன். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது சவரிராஜ் என் கையில்தான் அவளைக் கொடுத்தான். மாட்டேன் என்று சொல்லிவிட்டு இந்தப் பெட்டியைப் பார்த்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

எல்லா நர்சும் முதலில் அலாரத்தைத்தான் நிறுத்துவார்கள். அதுதான் பயம். சுற்றிலும் மூச்சுக்குப் போராடுகிறவர்கள் கிடக்கும்போது அலாரத்தை அலறவிட்டுச் சாவகாசமாக சிரிஞ்ச் மாற்ற எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? நானும் அப்படித்தான் செய்வேன். பாயிண்டர் என்பது பெரிய விஷயமே இல்லை, முகவரி எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. அந்த முகவரியில் வீடு இருக்கிறதா, இடித்துவிட்டார்களா, யார் குடியிருக்கிறார்கள் என்று சீட்டுக்குத் தெரியாது. கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு யாருக்கு என்றும் அதில் எழுதியிருக்காது. இரண்டு பேர் கையில் ஒரே சீட்டின் நகல் இருந்தால், ஒருவர் வீட்டைக் காலி செய்தது மற்றவருக்குத் தெரியாது, அவர் பாட்டுக்குக் கதவைத் தட்டுவார். யாராவது திறப்பார்கள். பெரும்பாலும் உள்ளே எல்லாம் பழையபடியே இருக்கும், அதே நாற்காலி, அதே விளக்கு. இதுதான் எனக்குத் தாங்க முடியாதது. தப்பு நடந்த உடனே எல்லாம் சரிந்து விழுந்தால் பரவாயில்லை, கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அது ஓடும். நாளைக்கும் ஓடும். காலி செய்த இடத்தில் பழைய எண் அழியாமல் கிடக்கும்வரை மோட்டார் சரியாகவே ஓடும், வேறு எதற்கோ அந்த இடத்தைக் கொடுத்து அங்கே வேறு எண் வந்து உட்காரும்வரை. திரை புது இடத்தைப் பார்த்துச் சரியான எண்ணைக் காட்டும், மோட்டார் பழைய இடத்தைப் பார்த்து என்னவோ ஓட்டும். திரையைப் பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. இதைத்தான் அன்றைக்கே சொன்னேன். திருப்பி வாங்கிய இடத்தைத் துடைத்து வை சவரி, கண்ட குப்பையையும் போட்டு நிரப்பி வை, தப்பாக யாராவது வந்து தொட்டால் அந்த நிமிஷமே தெரியட்டும் என்றேன். அவன் சிரித்தான். "ஒவ்வொரு இடத்தையும் துடைச்சிக்கிட்டிருந்தா கிராமத்துல ரிங்கே போகாது தாயே. மெஷினு மாட்டு வண்டி வேகம். திருப்பிக் கொடுக்கிறவன் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுக் கொடுக்கட்டும். அது என் வேலையில்லை." அவன் சொன்னதும் நியாயம்தான். எல்லாரும் எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் எதையும் செய்வார்கள் என்று நம்பினால் அது நியாயம்தான். அவனை அடக்கம் செய்து ஒரு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் விரல் தானாக அவன் நம்பரை அழுத்திவிட்டது. ரிங் போனது. யாரோ எடுத்தார்கள். வெங்காயம் வதங்கும் சத்தம், ஒரு பெண் குரல், "ஹலோ, யாருங்க வேணும்?" நம்பரை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். சவரி இருக்கானா என்றுகூடக் கேட்டுவிட்டேன். இல்லீங்களே என்றாள்.

விடிந்ததும் சிஸ்டர் ஜெனோவா வந்தாள். காலை ஷிப்ட். எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று பல் துலக்கும்போதே ஒத்திகை பார்த்திருந்தேன். "சிஸ்டர், இந்தப் பெட்டி சத்தம் ஒரு மாதிரி இருக்கு. வேற ஒண்ணு போட முடியுமா?" ஜெனோவா காதைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியலயே பெரிம்மா." நான் எப்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு மனசு சரியில்லம்மா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, விடுங்க. நீங்க ராத்திரியெல்லாம் உறங்கலன்னு மொகமே சொல்லுது. பழைய வெள்ளை பம்ப் ஒண்ணு கெடக்கு, அதைப் போட்டு விடுதேன்" என்றாள். வெள்ளை பம்ப் வேறு கம்பெனி, வேறு யாரோ எழுதியது. அதற்குள்ளும் யாராவது செத்துப்போனவர் இருப்பார், ஆனால் எனக்குத் தெரியாதவர். அதில் முன்கூட்டியே புது சிரிஞ்சைப் பொருத்தி ஓடவிட்டு, குழாயை மாற்றி, எப்சியின் அழுத்தம் இறங்குகிறதா என்று மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் இறங்கியது. மறுபடி ஏறி நின்றது. நீலப் பெட்டியைக் கழற்றி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, வார்டு கோடியில் இருந்த ஸ்டீல் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனாள். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஏதோ இளகி, கண்ணீராக வந்துவிட்டது. எப்சி கண்ணைத் திறந்தாள், வறண்ட வாயால், "என்ன மேபலக்கா, நான் செத்துட்டேனா?" என்றாள். "வாயை மூடு, கழுதை" என்றேன். அவள் சிரிக்கப் பார்த்தாள்.

அடுத்த கட்டிலில் கோமு என்று ஒருத்தி. அவள் புருஷன் பால்வண்ணம் அண்ணாச்சி பாதி இழுத்த துணித்திரைக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் குத்தவைத்துக்கொண்டிருப்பார். பழக்கடை வைத்திருக்கிறாராம், உடம்பிலேயே கொய்யா வாசம். "அக்கா, டீ குடிக்கியளா? ரெண்டு பேருக்கும் சேத்து வாங்கிட்டு வாரேன்." நான் வேண்டாம் என்றால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். "இவ வீட்ல வாய் ஓயமாட்டா. கல்யாணம் முடிஞ்ச நாள்லேர்ந்து நான் ஒரு வார்த்தை முழுசா பேசினது கெடையாது. இப்ப மாட்டிக்கிட்டா, நான் பேசுதேன், அவ கேக்கா." கோமு கண்ணைத் திறக்காமலே விரலை மட்டும் ஆட்டுவாள், வீட்டுக்கு வா பேசிக்கிடுதேன் என்பது போல. அவளுக்குக் காலில் புண், சர்க்கரை, ஆனால் அதுவரை அழுத்தம் சரியாகத்தான் இருந்தது. வெறும் குளுக்கோஸ் பாட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, பம்ப் இல்லை. அண்ணாச்சி என் கண்ணைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி முழிச்சிட்டாள்லா, இனி அழுவாதிய. போயி ஒரு வாய் சாப்பிட்டுட்டு வாங்க. நான் ரெண்டு பேரையும் பாத்துக்கிடுதேன்" என்றார். போனேன். காண்டீனில் தயிர் சாதம். ருசி தெரிந்தது. வெளியே வேப்பமரத்தடிப் பெஞ்சில் காற்று வந்தது, உட்கார்ந்தேன், பிறகு சாய்ந்தேன்.

ஆற்றங்கரை. குறுக்குத்துறைப் படிகளில் நானும் எப்சியும். அவள் சின்னப் பிள்ளை. அம்மா அவள் தலைக்குச் சோப்புப் போட்டிருக்கிறாள், கண் எரிகிறது, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கையை நீட்டுகிறாள், என் பாவாடை நுனியைப் பிடிக்கிறாள். அக்கா நிக்கியா? நிக்கேன். நான் நின்றேன், பிறகு யாரோ என்னைக் கூப்பிட்டார்கள், நுனியை அவள் விரலிலிருந்து மெல்ல உருவிக்கொண்டு படியேறினேன். அவள் மறுபடி கையை நீட்டினாள், அங்கே வந்து நின்ற வேறு ஒருத்தியின் சேலை நுனி கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு அக்கா நிக்கியா என்று கேட்டுக்கொண்டே அவளோடு படியேறிப் போய்விட்டாள், தண்டவாளம் வரைக்கும். கண்ணைத் திறந்தபோது தெரியாத முகம். அவள் அலறியது இன்னும் காதில் இருக்கிறது. அவள் தப்பு ஒன்றுமில்லை, பிடித்த இடத்தைத்தான் பிடித்தாள். நான் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். எப்சி, நான் போறேன், இனி இங்கே இருக்கிறது நான் இல்லை என்று. எவ்வளவு சின்ன வார்த்தை. அம்மா என்னை அடித்தாளா? நினைவில்லை. அடித்திருக்கலாம். வேப்பம்பூ மடியில் விழுந்துகிடந்தது. வெயில் சாய்ந்து பெஞ்சின் மேல் வந்துவிட்டிருந்தது. தூங்கிவிட்டேன் போல. எழுந்து உள்ளே போகும்போது எதிரே ஜெனோவா கைப்பையோடு வந்துகொண்டிருந்தாள். ஷிப்ட் மாறிவிட்டது. "தங்கச்சி நல்லாருக்காங்க பெரிம்மா, மத்தியான சிஸ்டர்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன், வரட்டா" என்றாள். எல்லாம் சொல்லிட்டேன் என்றாள். நான் அவளிடம் எதைச் சொல்லியிருந்தேன், அவள் அடுத்தவளிடம் சொல்ல?

எப்சி தூங்கிக்கொண்டிருந்தாள். வெள்ளை பம்ப் சத்தமே போடாமல் ஓடியது, நல்ல வேலைக்காரன். நாற்காலியில் உட்கார்ந்து பைபிளை எடுத்து மடியில் வைத்தேன், திறக்கவில்லை. மனசு காலியாக இருந்தது, எனக்கு அப்படி இருப்பது பிடிக்கும், யாரும் குடியில்லாத வீடு மாதிரி. டக். நினைவுதான் என்று நினைத்தேன். பெங்களூர், கீழ்த்தளம், யாரோ பேசி முடிக்கிறார். டக். சவரி, இடத்தைத் திருப்பி வாங்கினியா. டக், கொஞ்சம் தாமதமாக. மூன்றாவது டக். தேய்ந்த பல். தலையைத் திருப்பினேன். சத்தம் இடது பக்கத்திலிருந்து வந்தது. திரைக்கு அந்தப் பக்கம், கோமுவின் தலைமாட்டில், நீல விளிம்பு. பந்தியில் கழுவிய தட்டை அடுக்கின் மேல் வைப்பார்கள், அடுத்து வருகிறவர் மேலே இருக்கிற தட்டைத்தான் எடுப்பார். சவரியின் அடுக்கும் அப்படித்தான், கடைசியாகத் திருப்பி வந்த இடம்தான் முதலில் வெளியே போகும். எனக்குத் தெரியும். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்குக் கரும்பலகையில் எத்தனை தரம் வரைந்து காட்டியிருப்பேன். ஸ்டாண்டில் கடைசியாக வைத்த பெட்டி. ஜெனோவா துடைத்தாள், வெளிப்பக்கத்தைத் துடைத்தாள், இது ஆகாது என்று ஒரு துண்டுப் பிளாஸ்திரிகூட ஒட்டவில்லை, ஏனென்றால் ஆகாது என்று நான் சொல்லவில்லை, எனக்கு மனசு சரியில்லை என்றுதான் சொன்னேன். நான் திருப்பிக் கொடுத்தேன். யாரிடமும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தேன்.

அண்ணாச்சி ஸ்டூலில் இல்லை, நின்றுகொண்டிருந்தார். "திடீர்னு பிரஷர் எறங்கிட்டுதுக்கா, நீங்க போன கொஞ்ச நேரத்துல. உங்க தங்கச்சிக்குப் போட்ட அதே மருந்துதான் போட்டிருக்காவளாம். இப்ப பரவால்ல." நான் சிரிஞ்சைப் பார்த்தேன். முக்கால்வாசிக்கு மேல் தீர்ந்திருந்தது. மத்தியான சிஸ்டர் மேஜையில் இருந்தாள், வயதானவள், கண்ணாடி போட்டவள், பார்த்தாலே நிதானம். அவளிடம் போவதற்குள் அமலியின் முகம் குறுக்கே வந்தது. ஞானஸ்நானத் தொட்டியில் மூக்கைச் சுளித்த முகம். பெயரைச் சொல்ல வேண்டாம், மிஷினைப் பற்றி மட்டும் சொல்லலாம், எந்த வார்த்தையில் தொடங்குவது, நான் யார் இதைச் சொல்ல, ஒரு நோயாளியின் அக்கா. "சிஸ்டர், அந்த நீல பம்ப் சரியில்லை. காலையில என் தங்கச்சிகிட்டேர்ந்து எடுத்தது." "கேள்விப்பட்டேன்மா. சத்தம் பிடிக்கலன்னு மாத்தச் சொன்னீங்களாம். சத்தம்தானே, நல்லாத்தான் ஓடுது." "சத்தம் இல்லை சிஸ்டர், உள்ள புரோகிராம்ல ஒரு தப்பு இருக்கு, அலாரம் அடிச்சா உடனே நிறுத்தக் கூடாது, முதல்ல சிரிஞ்சை," என்று நான் சொல்லும்போதே அலாரம் அடித்தது. என்னை விட வேகமாக எழுந்தாள் அவள். எவ்வளவு நல்ல நர்ஸ், எவ்வளவு சுறுசுறுப்பு. நான் பின்னாலேயே போனேன், நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க என்றேன், கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன், வார்டில் எல்லாரும் திரும்பினார்கள். அண்ணாச்சி, "ஏன்க்கா பதறுதிய?" என்றார். சிஸ்டரின் விரல் பொத்தானில் இருந்தது. அலாரம் நின்றது.

நின்றதும் வார்டு அமைதியானது, எல்லாருக்கும் அது நிம்மதி. கோமுவின் நெற்றிச் சுருக்கம்கூடத் தளர்ந்தது. சிஸ்டர் புது சிரிஞ்சைப் பொருத்தி ஸ்டார்ட் கொடுத்தாள். பெட்டியின் திரையில் ஐந்து என்று வந்தது, மணிக்கு ஐந்து மில்லி. "பாருங்கம்மா. ஐந்து. டாக்டர் எழுதினதும் ஐந்து." நான் திரையைப் பார்க்கவில்லை. கேட்டேன். டக், டக், டக், டக். தாமதமே இல்லை. தாமதத்துக்கு இடமே இல்லாமல் விழுந்துகொண்டிருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் ரிசீவரை வைப்பது போல. "கழட்டுங்க சிஸ்டர்." "எதுக்கும்மா?" "வேகமா ஓடுது. காதை வெச்சுக் கேளுங்க. இதைச் செய்யுற கம்பெனியில இருக்கிற பொண்ணே எங்கிட்ட சொன்னா, அமலின்னு பேரு, போன் நம்பர் தாரேன், கூப்பிட்டுக் கேளுங்க, கழட்டுங்க முதல்ல." சொல்லிவிட்டேன், அவள் பெயரையும் சொல்லிவிட்டேன், நேற்றே, காலையிலேயே சொல்லியிருக்கக்கூடிய அதே வார்த்தைகள்தான், ஒன்றுகூடக் கூடவில்லை. சிஸ்டர் குனிந்து காதை வைத்தாள். அவள் முகத்தில் இருந்த நிதானம் மாறியதைப் பார்த்தேன். கையை நீட்டி பம்பை நிறுத்தினாள், குழாயை அடைத்தாள், "டாக்டரைக் கூப்பிடு" என்று யாரிடமோ சொன்னாள். மானிட்டரில் ரத்த அழுத்த எண் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது. ஏறுவது நல்லதுதானே என்பது போல அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "கூடிட்டுல்லாக்கா? சரியாயிட்டுல்லா?" அவர் கையில் எனக்கென்று வாங்கி வைத்திருந்த டீ இருந்தது, காகிதக் கோப்பை, ஆடை படிந்திருந்தது. கோமு கண்ணைத் திறந்து, "தலை வலிக்கி" என்றாள். இத்தனை நாளில் அவள் குரலை அப்போதுதான் நான் கேட்டேன். மெல்லிய குரல், அண்ணாச்சி சொன்ன மாதிரியே இல்லை. டாக்டர் வரும் செருப்புச் சத்தம் கேட்டது, திரையை இழுத்து மூடினார்கள். நான் எப்சியின் கையைப் பிடித்துக்கொண்டேன், சூடாக இருந்தது, அவள் தூக்கத்திலேயே என் விரலை இறுக்கினாள், அக்கா நிக்கியா என்பது போல. நிக்கேன் என்றேன்.

கோமு அன்று பொழுது சாய்வதற்குள் மூளையில் ரத்தம் கசிந்து இறந்துபோனாள்.